முதல் மாதத்துக் குமட்டல்

கருத்தடை மாத்திரையைப் பெண்கள் ஏன் பாதியில் விடுகிறார்கள்? மலிஹாபாத் மருமகள் ஒருவரின் அனுபவம்.

மாமியார் அன்று அல்வா கிளறினார். காலையிலிருந்து மருமகள் இரண்டு முறை கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்திருந்தார். ரொட்டி சுடும் வாசனை அவருக்கு ஆகவில்லை. மூத்த பையனுக்கு ஒன்றரை வயது. அடுத்தது உண்டாகியிருக்கிறது என்பதில் மாமியாருக்குச் சந்தேகமே இல்லை. ரவையும் நெய்யும் மணக்க ஒரு கிண்ணம் வந்தது. "சாப்பிடு பஹு. இந்த மாதிரி நேரத்தில் வயிற்றைக் காயப்போடக் கூடாது."

மருமகள் வாய் திறக்கவில்லை. உண்டாகக் கூடாது என்றுதான் அவர் ஆறு நாட்களாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எம்பிராய்டரி நூல்கள் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னின் அடியில் அந்த அட்டை இருந்தது.

இது 2013இல் நடந்தது. உத்தரப் பிரதேசத்தில், லக்னோ மாவட்டத்தைச் சேர்ந்த மலிஹாபாத் பக்கத்துக் கிராமம். தசேரி மாம்பழத்துக்குப் பெயர் போன வட்டாரம் அது. கணவருக்குத் தோப்புகளில் கூலி வேலை. மனைவி வீட்டில் உட்கார்ந்து துணிகளுக்குச் சிகன் வேலைப்பாடு போட்டுக் கொடுப்பார். அப்போது அவருக்கு வயது 22.

மாத்திரை வாங்கி வந்தவர் கணவர்தான். டவுன் மருந்துக் கடையில் தயங்கித் தயங்கி 'மாலா-டி' என்று கேட்டார். கடைக்காரர் அதைச் செய்தித்தாள் துண்டில் சுற்றிக் கொடுத்தார். "தினம் ஒன்று" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வீட்டில் மனைவியிடம் வந்து சேர்ந்ததும் அந்த இரண்டு சொற்கள்தான்.

அல்வாவைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் மருமகளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. குமட்டல், தலைசுற்றல், மார்பில் வலி. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் இப்படித்தானே இருந்தது? மாத்திரை பலிக்கவில்லை போலிருக்கிறது. உள்ளே கரு இருந்து, அதன் மேல் மாத்திரையும் போய்ச் சேர்ந்தால் குழந்தைக்கு என்ன ஆகும்? ஒன்பதாம் நாள் நிறுத்திவிட்டார். சில நாட்களில் உதிரப்போக்கு வந்தது. கர்ப்பமே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கரு கலைந்துவிட்டது என்று நினைத்து மாமியார் அழுதார். அந்த அழுகையைத் தடுக்க வேண்டுமானால் டின்னுக்குள் இருப்பதைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மீண்டும் அட்டையைத் தொடும் துணிச்சலும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து அவர் வாந்தி எடுத்தபோது அது நிஜமான மசக்கை.

அந்த இளம்பெண்ணின் சந்தேகத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அதில் ஒரு நியாயம் இருந்தது. கருவுற்ற பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் உயர்ந்த அளவில் இருக்கின்றன. அதனால் சினைப்பையிலிருந்து புதிய கருமுட்டை வெளியாவதில்லை. மாத்திரை இந்த ஏற்பாட்டைத்தான் கடன் வாங்குகிறது. செயற்கையாகத் தயாரித்த அதே வகை ஹார்மோன்களைத் தினமும் சிறிதளவு கொடுத்து, கருமுட்டை வெளியாவதை நிறுத்தி வைக்கிறது. கருப்பை வாயில் சுரக்கும் திரவத்தையும் கெட்டியாக்கி விந்தணுவுக்கு வழியை அடைக்கிறது. எனவே குமட்டலும் மார்பு வலியும் மசக்கையைப் போலத் தோன்றுவதில் வியப்பில்லை. பெரும்பாலான பெண்களுக்கு இரண்டு மூன்று மாதங்களில் இவை தணிந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும். நடுவில் சிறிது உதிரம் கசிந்தாலும் பயமில்லை. இவ்வளவையும் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

அரசு மையங்களில் இலவசமாகத் தரும் மாலா-என், கடைகளில் மலிவாக விற்கும் மாலா-டி இரண்டும் இந்த வகைதான். ஒரு அட்டையில் 28 மாத்திரைகள். அவற்றில் 21இல் மட்டுமே ஹார்மோன்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினில் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராம். வேறு நிறத்தில் இருக்கும் கடைசி 7 வெறும் இரும்புச்சத்து. அவற்றைச் சாப்பிடும் வாரத்தில் மாதவிலக்கு வரும். ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டால் ஓராண்டில் 100 பெண்களில் ஒருவருக்குக்கூடக் கரு தங்குவது அரிது. மறதி, தீர்ந்துபோன அட்டை, பயணம் எல்லாம் சேர்ந்த நிஜ வாழ்க்கையில் அது சுமார் 7 ஆகிறது. ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு நாட்கள் மறந்தால் மாத்திரையைத் தொடர்ந்தபடி ஏழு நாட்களுக்கு ஆணுறையும் வேண்டும். செய்தித்தாள் துண்டில் இதுவும் இல்லை.

இந்தியாவில் மாத்திரையின் இடம் சிறியது. தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை உலகிலேயே முதலில், 1952இல், தொடங்கிய நாடு இது. 1992-93இல் நடந்த முதல் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் திருமணமான பெண்களில் 1.2 சதவீதம் பேர் மாத்திரை சாப்பிட்டார்கள். 2019-21 கணக்கெடுப்பில் அது 5.1 சதவீதம். பெண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் 37.9 சதவீதம். ஆண்களுக்கான ஆபரேஷன் 0.3 சதவீதம். மாத்திரை, காப்பர்-டி, ஊசி, ஆபரேஷன் ஆகியவற்றைக் கடைப்பிடிக்கும் பெண்களில் பக்கவிளைவுகள் பற்றி எப்போதாவது சொல்லப்பட்டவர்கள் 62 சதவீதம் என்கிறது அதே கணக்கெடுப்பு. அதாவது ஐந்தில் இரண்டு பேர் அந்த மருமகளைப் போலத்தான். நடுவில் விட்டுவிட்டவர்கள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

பெண்களின் உபாதையை ஒதுக்கித் தள்ளும் வழக்கம் மாத்திரையுடன் சேர்ந்தே பிறந்தது. 1956இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் ஏழைப் பெண்களிடம் முதல் பெரிய பரிசோதனை நடந்தது. அப்போதைய மாத்திரையில் 10 மில்லிகிராம் அளவுக்குப் புரோஜெஸ்டின் இருந்தது. பரிசோதனையைக் கவனித்துக்கொண்ட டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, மாத்திரை கருவை முழுமையாகத் தடுக்கிறது என்று எழுதினார். ஆனால் 17 சதவீதப் பெண்களுக்குக் குமட்டல், தலைவலி, மயக்கம், வாந்தி வருவதால் பொதுவான உபயோகத்துக்கு ஏற்றதல்ல என்றும் எழுதினார். மாத்திரையை உருவாக்கிய கிரிகரி பின்கஸ் அந்த உபாதைகளில் பெரும்பகுதி மனம் சம்பந்தப்பட்டவை என்று கருதினார். 1960இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. பத்தாண்டு கழித்து, 1970 ஜனவரியில், மாத்திரையின் ஆபத்துகள் பற்றி அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. மாத்திரை சாப்பிட்ட பெண் ஒருவர்கூடச் சாட்சி சொல்ல அழைக்கப்படவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த இளம்பெண்கள் எழுந்து கூச்சலிட்டு விசாரணையை நிறுத்தினார்கள். மாத்திரை வாங்கும் பெண்ணின் கையிலேயே விவரச் சீட்டு தர வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் அங்கு வந்தது. இப்போது எல்லா அட்டைகளோடும் மடித்து வைக்கப்படும் மெல்லிய தாளின் கதை இதுதான். மலிஹாபாத் மருமகளுக்கு அந்தத் தாள் எங்கே போனது என்று தெரியாது.

இரண்டாவது பெண் குழந்தை 2014இல் பிறந்தது. பிரசவ வார்டிலேயே ஆபரேஷன் பேச்சு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்திலிருந்து வந்த செய்தி அவர்கள் வீட்டுக்கும் எட்டியது. ஒரே நாளில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் நடந்த முகாம் அது. அவர்களில் பலர் இறந்தார்கள். எல்லோரும் இளம் தாய்மார்கள். இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. அதற்குள் மாமியார் தீர்மானித்துவிட்டார்: "கத்தி வேண்டாம்." மருமகளுக்கு மாத்திரையும் வேண்டாம். கணவர் 'ஜாக்கிரதையாக' இருந்தார். 2018இல் மூன்றாவது குழந்தை பிறந்தது.

இந்த முறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். கிராமத்து ஆஷா ஊழியர். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவரும் அவர்தான். இளநீல நிறப் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தவரிடம் மருமகள் முதல் முதலாக அந்தக் குமட்டல் கதையைச் சொன்னார். "தீதி, மாத்திரை என் உடம்புக்கு ஆகாது."

ஆஷா சிரிக்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுப்பதால் இப்போதைக்கு மாலா-என் எப்படியும் கூடாது என்றார். ஈஸ்ட்ரோஜென் தாய்ப்பாலைக் குறைக்கலாம்; பிரசவமான முதல் ஆறு மாதங்களுக்கு அதைத் தவிர்ப்பதுதான் முறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறு மாத்திரை கிடைக்கும். அதன் பெயர் 'சாயா'.

சாயாவின் பூர்வீகம் அந்த மாவட்டமேதான். லக்னோவில் கோமதி ஆற்றங்கரையில் நவாப் காலத்து சத்தர் மன்சில் அரண்மனை இருக்கிறது. 1951இல் அதில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தை நேரு தொடங்கி வைத்தார். 2024 ஜனவரியில் 99 வயதில் காலமான விஞ்ஞானி நித்யா ஆனந்தின் தலைமையில் அங்கு உருவானது சென்ட்குரோமேன் என்ற கருத்தடை மருந்து. ஹார்மோன் வகையைச் சேராதது. முதல் மூன்று மாதங்கள் வாரத்தில் இரண்டு நாள், பிறகு வாரம் ஒரு நாள் சாப்பிட்டால் போதும். குமட்டல் இல்லை. தாய்ப்பாலுக்கும் குந்தகம் இல்லை. 1991இல் 'சஹேலி' என்ற பெயரில் கடைகளுக்கு வந்தது. அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 'சாயா' என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2017இல். அரண்மனையிலிருந்து மலிஹாபாத் மாந்தோப்புக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். மாத்திரைக்குக் கால் நூற்றாண்டு பிடித்தது.

சாயாவுக்கும் ஒரு குணம் உண்டு. சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். கருவைத் தடுக்கச் சாப்பிடும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய திகில் வேறில்லை. ஆஷா அட்டையைக் கையில் கொடுக்கும் முன்பே இதைச் சொன்னார். "தள்ளிப்போகலாம் பஹு. பதினைந்து நாள் தாண்டினால் என்னைக் கூப்பிடு. பரிசோதனை பண்ணிப் பார்த்துவிடலாம்." நான்காவது மாதம் தள்ளித்தான் போனது. பதினாறாம் நாள் ஆஷாவின் பையிலிருந்து 'நிஸ்சய்' பரிசோதனை அட்டை வெளியே வந்தது. ஒரே ஒரு கோடு. மருமகள் அடுத்த வாரத்து மாத்திரையைச் சாப்பிட்டார்.

இரண்டு ஆண்டு கழித்து வேறு தொல்லை. மாதவிலக்கில் உதிரம் அதிகம் போனது. ஊசியில் நூல் கோர்க்கும்போது கண் இருண்டது. சுகாதார நிலையத்தில் ரத்தசோகை என்றார்கள். அது அந்த வீட்டின் தனிக் கதையல்ல. 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. குழந்தை பால் மறந்துவிட்டதால் டாக்டர் மாலா-என் சாப்பிடச் சொன்னார். குழந்தையைத் தடுப்பதோடு உதிரப்போக்கையும் வலியையும் குறைப்பது இந்த மாத்திரையின் நன்மைகளில் ஒன்று. கடைசி வாரத்து இரும்புச்சத்து கூடுதல் வரவு.

பழைய எதிரியே மீண்டும் வீட்டுக்குள் வந்தது. இம்முறை என்ன வரும் என்பது தெரிந்திருந்தது. இரவு சாப்பிட்டதும் மாத்திரை. இருந்தும் முதல் வாரம் குமட்டியது. ஒரு நாள் அடுப்படியிலிருந்து எழுந்து ஓடினார். திரும்பி வந்தபோது மாமியார் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மாஜி, இது அது இல்லை. மாத்திரை."

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்படியானால், அந்தத் தடவை?"

"அதுவும் மாத்திரைதான்."

ஏழு ஆண்டுகளாக அந்த அம்மாள் ஒரு பேரக் குழந்தையைக் கணக்கில் வைத்திருந்தார். பிறக்காத, உண்டாகவும் செய்யாத குழந்தை. "சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

கிராமத்தில் மாத்திரையைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமில்லை. மாத்திரைகள் கரையாமல் வயிற்றில் சேர்ந்து கட்டியாகும் என்பார்கள். பிறகு பிள்ளையே பிறக்காது என்பார்கள். இரண்டும் உண்மையல்ல. மாத்திரை குடலில் கரைந்துவிடுகிறது. நிறுத்திய சில மாதங்களுக்குள் பெரும்பாலோருக்குக் கருத்தரிக்கும் சக்தி திரும்பிவிடுகிறது. உடம்பு பருத்துவிடும் என்பதற்கும் ஆய்வுகளில் பலமான ஆதாரம் கிடைக்கவில்லை.

புற்றுநோய் பயம் மட்டும் இரண்டு பக்கம் உள்ள விஷயம். 21 நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த அறிக்கை ஒன்று 2008இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. ஐந்தாண்டு மாத்திரை சாப்பிட்டால் சினைப்பைப் புற்றுநோயின் ஆபத்து சுமார் 20 சதவீதம் குறைகிறது. அந்தப் பாதுகாப்பு நிறுத்திய பிறகும் பல ஆண்டுகள் நீடிக்கிறது என்றது அது. கருப்பையின் உள்சுவரில் வரும் புற்றுநோயும் குறைகிறது. மறுபக்கம், மாத்திரை சாப்பிடும் காலத்தில் மார்பகப் புற்றுநோயின் ஆபத்து சிறிதளவு கூடுகிறது. நிறுத்திப் பத்தாண்டுகளில் மறைகிறது. ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்தால் கருப்பை வாய்ப் புற்றுநோயின் ஆபத்தும் ஓரளவு கூடுகிறது. நிறுத்திய பின் அதுவும் இறங்குகிறது.

ஊரில் யாரும் பேசாத ஆபத்து ஒன்று இருக்கிறது. காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போவது. மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஓராண்டில் 1 முதல் 5 பேருக்கு இப்படி உறைவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்கிறது. மாத்திரை சாப்பிடுபவர்களில் 3 முதல் 9 பேர். கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேர். பிரசவமான முதல் 12 வாரங்களில் அது 40 முதல் 65 வரை போகிறது. வேண்டாத கர்ப்பத்தைவிட மாத்திரையில் ஆபத்து குறைவு என்றுதான் இந்த எண்கள் காட்டுகின்றன. ஆனால் அந்த 9 பேரில் ஒருவராக இருக்கும் பெண்ணுக்கு அது ஆறுதல் ஆகாது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், மார்பு வலி, இதுவரை வராத கடும் தலைவலி, பார்வை மங்குதல் - இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

சிலர் இந்த மாத்திரையைத் தொடங்கவே கூடாது. ரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்கள், ரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டி பீடியோ சிகரெட்டோ குடிப்பவர்கள், கண்முன் மின்னல் தெறித்துப் பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், மார்பகப் புற்றுநோயோ கடுமையான ஈரல் நோயோ கண்டவர்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மருந்தும், சில வலிப்பு மருந்துகளும் மாத்திரையின் வீரியத்தைக் கெடுத்துவிடும். காசநோய் இவ்வளவு பரவியுள்ள நாட்டில் 'வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய்?' என்று கேட்காமல் அட்டையைக் கொடுப்பது அந்தப் பெண்ணைக் கைவிடுவதற்குச் சமம். சாயாவிலும் நிபந்தனை உண்டு. அண்மையில் மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் அது ஆகாது.

இவற்றை விசாரிக்க ஸ்கேன் வேண்டியதில்லை. நாலைந்து கேள்விகளும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் போதும். 2011இல் தொடங்கிய திட்டப்படி ஆஷா ஊழியர் வீட்டு வாசலில் மாலா-என் அட்டையை ஒரு ரூபாய்க்குத் தரலாம். அட்டையோடு அந்தக் கேள்விகளும் வாசலுக்கு வருகின்றனவா என்பது ஊழியரையும் அவருக்குக் கிடைத்த பயிற்சியையும் பொறுத்திருக்கிறது. மலிஹாபாத் மருமகளுக்குக் கிடைத்தவர் கேட்கத் தெரிந்தவர்.

இப்போது அவர் முப்பத்தைந்தை நெருங்குகிறார். மூன்று பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள். போன குளிர்காலத்தில் சுகாதார நிலையத்தில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 138/88 என்று காட்டியது. "எல்லையில் நிற்கிறாய், மாதா மாதம் பார்க்க வேண்டும். ஏறினால் இந்த மாத்திரை வேண்டாம், காப்பர்-டி பற்றிப் பேசுவோம்" என்றார் டாக்டர். கணவரும் கூட வந்திருந்தார். ஆண்களுக்கான ஆபரேஷனைப் பற்றியும் டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பேச்சு அதோடு நிற்கிறது.

இளைய கொழுந்தனுக்குப் போன ஆண்டு கல்யாணம். வந்த பெண்ணுக்கு வயது 20. இரண்டு ஆண்டு கழித்துக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று புருஷனும் மனைவியும் பேசி வைத்திருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் முற்றத்தில் இருவரும் துணியை மடியில் விரித்து வேலைப்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது மூத்தவர் எழுந்து போய் பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். மூடியைத் திறந்தார். நூல்களுக்கு மேலேயே அட்டை இருந்தது.

"நாளைக்கு தீதி வருவாள். முதலில் உனக்கு பிரஷர் பார்க்கச் சொல். தலைவலி, மருந்து எதுவானாலும் மறைக்காதே. முதல் மாதம் குமட்டும்..."

கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்கவில்லை. "ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்" என்றார்.